பட்டாளத்தார் வீட்டு டிரங்குப் பெட்டி

நெல்லைச் சீமையில் நாங்குநேரி, ராதாபுரம், களக்காடு, சேரன்மகாதேவி, ஆலங்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் 'பட்டாளத்தார் வீடு' என்று கேட்டால் வழி சொல்ல ஆள் இருக்கும். அந்த வீட்டுப் பரண்மேலோ கட்டிலுக்கடியிலோ கறுப்பு பெயிண்ட் அடித்த தகர டிரங்குப் பெட்டி ஒன்றும் இருக்கும். மூடியில் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர், ஒரு பதவி, ஒரு பெயர். ரயிலில் பெட்டி மாறிப்போகாமல் இருக்க எழுதியது அது. அன்றைக்கு யூனிட் கிளார்க் அந்தப் பெயரை எந்த ஆங்கில எழுத்தில் எழுதினாரோ, அதுதான் நாற்பது வருஷம் கழித்து அவர் மனைவிக்குப் பென்ஷன் தடையில்லாமல் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

டிசம்பர் 7 கொடிநாள். 1949-லிருந்து நடக்கிறது. அன்றைக்கு உண்டியலில் காசு போடுவதும், ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்துவதும் நல்ல காரியங்கள்தான். அதோடு நிறுத்திவிடாமல், ஊரில் இருக்கும் ஒவ்வொரு பட்டாளத்தாரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் பெட்டியைத் திறந்து தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்தால், அந்த வீட்டு ஆச்சிக்குப் பின்னாளில் வரக்கூடிய இரண்டு வருஷ அலைச்சல் மிச்சம். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த, போனில் ஆதார் ஓடிபி போடத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்யலாம். எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பெட்டிக்குள் முதலில் தேட வேண்டியது இரண்டு: டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை. பென்ஷன் ஆணையை எல்லோரும் பிபிஓ என்றே சொல்வார்கள். இரண்டையும் லேமினேட் செய்யாதீர்கள். பழைய தட்டச்சு மை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு மங்கிவிடும். அதில் பின்னால் முத்திரையோ திருத்தமோ போடவும் வழியில்லாமல் போகும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஓடு ஒழுகி மொத்தமும் கஞ்சியாகிப் போன பெட்டிகள் தாமிரவருணிக் கரை ஊர்களில் நிறைய உண்டு.

அடுத்தது நம்பர். தரைப்படை நம்பரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து வரும். முன்னால் உள்ள இலக்கங்கள் சரிதானா என்று சோதிக்க வைத்த எழுத்து அது. விண்ணப்பத்தில் அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விட்டால் கணினி அந்த ஆளையே கண்டுபிடிக்காது. இன்னொன்று, சிப்பாயாகச் சேர்ந்து நாயப் சுபேதார் ஆனவர்களுக்கு அப்போது புது நம்பர் கொடுத்திருப்பார்கள், ஜேசி என்று தொடங்கும். பெட்டியில் பழைய நம்பர், பிபிஓவில் ஜேசி நம்பர். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். 'தாத்தா நம்பர் என்னது?' என்று கேட்டால் ஆச்சி பெட்டியைத்தான் காட்டுவாள்; அது பழைய நம்பராக இருக்கும்.

இனிப் பெயர். சீமைக்குச் சீமை பெயர்க் குழப்பம் உண்டு என்றாலும் நம் பக்கத்துப் பெயர்கள் ஆங்கிலத்தில் படும் பாடு தனி. இசக்கி ஒரு தாளில் ஐ-யில் தொடங்கும், இன்னொரு தாளில் ஈ-யில் தொடங்கும். நடுவில் எஸ் ஒன்றா இரண்டா, கடைசியில் ஐ-யா ஒய்-யா. பேச்சியம்மாளுக்கு நடுவில் டி வரும், வராது. சுடலைமுத்து ஒரே சொல்லா இரண்டு சொல்லா? வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, கல்யாணமான புதிதில் விடுப்பு முடிந்து அவர் திரும்பிப் போய் யூனிட்டில் எழுதிக்கொடுத்த பெயர் வேறொன்று. வடிவு என்று எழுதியிருப்பார். ஆதாரில் சுடலைவடிவு என்று இருக்கும்.

இன்ஷியல் இன்னொரு சிக்கல். பட்டாளத்தில் இன்ஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பா பெயர் முன்னால் வந்து உட்காரும், வடக்கத்திக்காரர் அதையே ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்வார். மனைவிக்கு ஆதாரில் சில இடத்தில் அப்பா இன்ஷியல், சில இடத்தில் புருஷன் இன்ஷியல். கணினி மனிதர்களைப்போல 'ஏதோ ஒரு எழுத்துதானே' என்று விடாது.

ஆகவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நெடுக்கில் கோடு போடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ, ஆதார், பான், வங்கிப் பாஸ்புத்தகம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, மருத்துவ அட்டை: ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், எல்லோருடைய பிறந்த தேதி ஆகியவற்றை அந்தந்தத் தாளில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் அடியடியாக எழுதுங்கள். எங்கே மாறுகிறது என்று கண்ணுக்கே தெரியும். மாற்ற வேண்டியது பிபிஓவையா ஆதாரையா என்பது அடுத்த கேள்வி. என் அனுபவக் கணக்கு இதுதான்: வித்தியாசம் ஓரிரு எழுத்து என்றால் ஆதாரை பிபிஓவுக்கு ஏற்ப மாற்றுவது சுலபம், ஓர் ஆதார் மையத்தோடு முடியும். பெயரே வேறு என்றால், அல்லது பிபிஓவில் மனைவி பெயரே இல்லை என்றால், ஆவணக் காப்பகத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும். ஆதாரைத் தொட்டால் பான், வங்கி, நிலப் பத்திரம் ஆகியவற்றோடு ஒத்துப்போகிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய் நான்கைக் கெடுத்தவர்கள் உண்டு.

ஆவணக் காப்பகம் என்பது ரெக்கார்ட் ஆபீஸ். அவர் எந்தப் படைப்பிரிவோ அதற்குத் தனித்தனி. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். 'தம்பிகள்' என்று பேர் வாங்கிய மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. தகவல்தொடர்புப் படையான சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈஎம்இ செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. விமானப்படைக்குப் புது தில்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த். விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே போய் நிற்க வேண்டாம். 1990-இல் தொடங்கிய அந்த நிலையம் கடற்படையின் தகவல்தொடர்புக்கானது. பென்ஷன் வேலை அங்கே நடப்பதில்லை.

ரெக்கார்ட் ஆபீசுக்கு நேரே எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, அவர்கள் முகப்புக் கடிதத்தோடு அனுப்புவதே நல்லது. ஆளைத் தெரியும் என்று ஓர் அரசு அலுவலகம் சொன்ன மாதிரி. ஓய்வுக்குப் பிறகு கல்யாணம் செய்தவர்கள், ஓய்வுக்குப் பிறகு பிள்ளை பிறந்தவர்கள் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும். பணியில் இருக்கும்போது யூனிட்டே 'பார்ட் டூ ஆர்டர்' போட்டுக் கல்யாணத்தையும் பிறப்பையும் ஏற்றிவிடும். வெளியே வந்தபின் நாமாகச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். தானாகச் சம்பாதித்து வாழ முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைத் தாயும் தகப்பனும் இருக்கும்போதே பிபிஓவில் ஏற்றிவிடுங்கள். மற்ற மகன்களுக்குக் குடும்பப் பென்ஷன் 25 வயதோடு நிற்கும். அதற்கு முன்பே கல்யாணமோ வருமானமோ வந்தால் அதோடு நிற்கும். இந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க உண்டு. பெற்றோர் இருவரும் போனபின் அண்ணன் தம்பிகள் இதை நிரூபிக்கப் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

மனைவியின் பிறந்த தேதியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பழைய பிபிஓக்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது வருஷம் மட்டும் இருக்கும். 80 வயது நிறைந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் இன்னொரு மடங்கு. குடும்பப் பென்ஷன் வாங்கும் மனைவிக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனால் தேதியே பதிவில் இல்லையென்றால் அவளுக்கு எப்போது எண்பது ஆனது என்று யாருக்குத் தெரியும்? எண்பத்தாறு வயது ஆச்சி பழைய தொகையையே வாங்கிக்கொண்டு 'கவர்மெண்ட்டு ஒழுங்காப் போடுது' என்று சந்தோஷமாக இருப்பாள். ஊரில் வயதான ஆச்சிகள் இருந்தால் அவர்கள் பாஸ்புத்தகத்தை முதலில் பாருங்கள்.

அப்படியே 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' திருத்தமும். எந்த வருஷம் ஓய்வுபெற்றாலும் ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஒரே பென்ஷன் என்பது அது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது, 2019 ஜூலை 1-இலும் 2024 ஜூலை 1-இலும் மறுபடி திருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் குடும்பப் பென்ஷனுக்கும் அட்டவணை வந்தது. பதவி, பணிக்காலம், குரூப் (பார்த்த வேலையைப் பொறுத்த சம்பளப் பிரிவு) மூன்றும் பதிவில் சரியாக இருந்தால் தானாக மாறும். குரூப் தப்பாக இருந்தால் குறைவாக வரும்; யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, பட்டாளத்தார் காலமாகிவிட்டார். வீட்டில் துக்கம். நம் ஊரில் பதினாறு முடியாமல் ஆச்சியை எங்கும் வெளியே அனுப்ப மாட்டார்கள். அது சரிதான், அனுப்பவும் வேண்டாம். ஆனால் அந்தப் பதினாறு நாளுக்குள் பிள்ளைகளோ அக்கம்பக்கத்தாரோ செய்து முடிக்க வேண்டியவை உண்டு.

முதலாவது இறப்புப் பதிவு. கிராமத்தில் விஏஓவிடம். 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்கு மேல் மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். பதியும்போது ரேஷன் கார்டை நீட்டாதீர்கள். பிபிஓ நகலை நீட்டி, 'அண்ணாச்சி, இதுல உள்ள மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடுங்க' என்று சொல்லுங்கள். மனைவி பெயருக்கும் அதேதான். ஆண்பிள்ளைகள் அவசரத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்து, சான்றில் ஓர் எழுத்து மாறி, அதைத் திருத்த மூன்று மாதம் அலைவது வாடிக்கையாக நடக்கிறது. சான்றை இணையத்தில் இறக்கி, குறைந்தது பத்து நகல் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது வங்கி. அவர் இறந்த நாள் வரை அவர் பென்ஷன். மறுநாளிலிருந்து மனைவியின் குடும்பப் பென்ஷன். பத்தாம் தேதி இறந்தால் அந்த மாதத்தில் பத்து நாளே அவருடையது. சொல்லாமல் விட்டால் முழுப் பென்ஷன் வந்துகொண்டே இருக்கும், ஏடிஎம் கார்டு பேரன் கையில் இருக்கும், செலவும் ஆகும். பின்னால் கூடுதலாகப் போன அத்தனையையும் ஆச்சியின் குடும்பப் பென்ஷனில் மாதாமாதம் பிடிப்பார்கள். காரியச் செலவுக்குப் பணம் வேண்டியிருக்கும், உண்மைதான். வேறு வழி பாருங்கள். அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

மூன்றாவது ஸ்பர்ஷ். பாதுகாப்புத் துறை பென்ஷன்கள் இப்போது இந்த இணையதளத்துக்கு மாறிவிட்டன, பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்கு அலுவலகம் நடத்துவது. இறப்பைத் தெரிவிக்க அதில் தனிப் பகுதி உண்டு. கணினி கைவராதவர்கள் ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ போகலாம். இறப்புச் சான்று, பிபிஓ, ஆச்சியின் ஆதார், பான், பாஸ்புத்தக முதல் பக்கம், போட்டோ எல்லாம் கையில் இருக்க வேண்டும். பான் அட்டையே எடுக்காத ஆச்சிகள்தான் அதிகம், ஆகவே அதை முன்கூட்டியே எடுத்து வைப்பது புண்ணியம். போன் நம்பர் இன்னொரு தலைவலி. ஆதாரில் உள்ள நம்பர் துபாயில் இருக்கும் மகனுடைய பழைய சிம்மாக இருக்கும்; ஓடிபி யாருக்கோ போகும். ஆச்சிக்கென்று ஒரு சிம் வாங்கி, அதையே ஆதார், வங்கி, ஸ்பர்ஷ் மூன்றிலும் ஏற்றி, மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்வது மகனின் கடமை.

பிபிஓவில் பெயர் உள்ள மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் வாங்க வாரிசுச் சான்று வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்தில் அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். இறந்தவருக்கு வர வேண்டிய பாக்கிக்கு நாமினி பதிவு இல்லாதபோதுதான் அது தேவைப்படும். இருவர் பேரிலும் கூட்டுக் கணக்கு இருந்தால் குடும்பப் பென்ஷன் அதிலேயே வரலாம். புதுக் கணக்குத் தொடங்கியே தீர வேண்டும் என்று கவுண்டரில் சொன்னால் பணிவாக மேலாளரைப் பாருங்கள். பெட்டியில் ராணுவக் குழு காப்பீட்டின் நீட்டிப்புச் சான்று இருக்கிறதா என்றும் தேடுங்கள். 75 வயதுக்குள் இறந்தவர்களுக்கு அதில் தொகை வர வாய்ப்புண்டு, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தொகை எவ்வளவு வரும்? கணக்கு இது. கடைசியில் வாங்கிய பென்ஷனுக்குரிய சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால், அவருடைய பென்ஷன் அதில் பாதி, 20,000. சாதாரணக் குடும்பப் பென்ஷன் 30 சதவீதம், 12,000. இரண்டுக்கும் மேலே அகவிலைப்படி. ஆனால் அவர் 67 வயது நிறையுமுன் இறந்திருந்தால், கொஞ்ச காலத்துக்கு 50 சதவீதம் கொடுப்பார்கள்: இறந்த மறுநாளிலிருந்து ஏழு வருஷம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 ஆகும் நாள், எது முந்தியோ அது. 64-இல் இறந்தால் மூன்று வருஷம். அது முடிந்ததும் ஒரு மாதம் திடீரென்று குறையும். ஆச்சி பதறிப்போய், மகன் எடுத்துவிட்டான் என்று வீட்டில் சண்டை வரும். தேதியை முன்பே கணக்குப் போட்டுக் காலண்டரில் குறித்துவிட்டால் சண்டை இல்லை. எப்படியானாலும் அடிப்படை 9,000-க்குக் கீழே போகாது.

பணியில் இருக்கும்போது, பணியின் காரணமாக இறந்தவர் மனைவிக்கு 60 சதவீத சிறப்புக் குடும்பப் பென்ஷன். போரிலும் போருக்கு இணையான நடவடிக்கையிலும் இறந்தவர் குடும்பத்துக்கு முழுச் சம்பளமும் பென்ஷன். எந்த வகை என்று முடிவு செய்வது அந்த நேரத்தில் எழுதப்படும் காயம்-இறப்பு அறிக்கை. வகை தப்பாகப் போட்டிருப்பதாகத் தோன்றினால் மேல்முறையீடு உண்டு, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. 2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கி, படைவீரர் நல அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவிக்கு வழி செய்தது. வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

நம் பக்கம் பலருக்குத் தெரியாத ஒன்று. பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் வங்கிக் காவலிலோ, மின்வாரியத்திலோ, டிஎஸ்சி என்னும் பாதுகாப்புக் காவல் படையிலோ வேலை பார்த்து அங்கேயும் பென்ஷன் வாங்கியிருப்பார். 2012 செப்டம்பர் 24 முதல் மனைவி இரண்டு குடும்பப் பென்ஷனும் வாங்கலாம். அதற்கு முன்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, மற்றதைக் கைவிட்டவர்கள் இன்னும் அப்படியே இருக்கிறார்கள். டிஎஸ்சி என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் கண்ணூரில்.

இனி ஆண்டுதோறும் வரும் வேலை: உயிர்ச்சான்று. நவம்பரில் கொடுப்பது வழக்கம், 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும், கொடுத்ததும் பாக்கியோடு வரும் என்றாலும் இடையில் மருந்துக்குக் காசில்லாமல் கிடப்பது அந்த மனுஷிதான்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்து ஆச்சிகளுக்கு விரல் ரேகை வராது. வருஷக்கணக்கில் பீடி சுற்றியும் களை பறித்தும் தேய்ந்துபோன விரல். இயந்திரம் மூன்று முறை மறுத்ததும் 'உங்களுக்கு வராது, போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வர வேண்டியதில்லை. உயிர்ச்சான்றுக்கென்றே உள்ள ஜீவன் பிரமாண் என்னும் முகம் பார்க்கும் செயலியை உங்கள் போனிலேயே போடலாம், கூடவே ஆதாரின் முகப்பதிவுச் செயலியும் வேண்டும். வெயில் முகத்துக்கு எதிரே படும்படி திண்ணையில் உட்காரவைத்து, முதுகுப் பக்கம் வெளிச்சம் இல்லாமல் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி, ஒருமுறை கண்ணை மூடித் திறக்கச் சொன்னால் வேலை முடிந்தது. போன் வசதி இல்லையென்றால் தபால்காரரிடம் சொல்லி வைக்கலாம். அஞ்சல் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து செய்வார், கட்டணம் 70 ரூபாய்.

இதில் பெரிய பிழை நடக்கும் இடம் ஒன்றே ஒன்று. பென்ஷன் கொடுப்பவர் யார் என்று கேட்கும் இடத்தில் வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பணம் வங்கிக்குத்தானே வருகிறது என்ற எண்ணம். ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு அங்கே ஸ்பர்ஷ் என்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கி என்று போட்டால் சான்று வெற்றி என்று குறுஞ்செய்தி வரும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது, மூன்று மாதம் கழித்துப் பென்ஷன் நின்றபின்தான் தெரியும். பென்ஷன் வகையும் பாருங்கள், ஆச்சிக்குப் போடும்போது குடும்பப் பென்ஷன். இரண்டு பென்ஷன் வாங்குகிறவர் இரண்டு பிபிஓ எண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று பத்து நாள் கழித்து ஸ்பர்ஷில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நவம்பர் வந்தாலே திருடர்களும் கிளம்பிவிடுவார்கள். பென்ஷன் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உயிர்ச்சான்று புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்கள் என்பார்கள். எந்த அலுவலகமும் போனில் ஓடிபி கேட்காது என்று ஆச்சிக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள்.

மருத்துவத்துக்கு ஈசிஎச்எஸ் என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், 2003 ஏப்ரலில் தொடங்கியது. திருநெல்வேலியில் பாலிகிளினிக் உண்டு. அட்டை ஆளுக்கு ஒன்று. கணவர் இறந்ததும் ஆச்சியின் அட்டையையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் நிற்கும்போது அட்டை செல்லாது என்பார்கள். சாதாரணமாக முதலில் பாலிகிளினிக், அங்கிருந்து சீட்டு, பிறகு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி. நெஞ்சுவலி, விபத்து என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். அது பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். சொன்னதற்கு ஆதாரம் வேண்டும்: மின்னஞ்சலோ, பெற்றுக்கொண்டதாக முத்திரையோ. பில் திருப்பி வாங்கும்போது அதைத்தான் கேட்பார்கள். மருந்து இருப்பில் இல்லையென்றால் சீட்டில் அப்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் மத்திய படைவீரர் வாரியத்தின் உதவிகள் ஹவில்தார் வரையிலான பதவிகளுக்கு உண்டு. 2025 நவம்பர் 1 முதல் தொகைகள் இரட்டிப்பாயின: படிப்புக்கு மாதம் 2,000, இரண்டு பிள்ளைகள் வரை, மகள் கல்யாணத்துக்கு ஒரு லட்சம், இரண்டு மகள்கள் வரை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த, 65 தாண்டிய, வேறு வருமானமில்லாத முன்னாள் படைவீரருக்கும் மனைவிக்கும் மாதம் 8,000. கல்யாண உதவிக்குக் கல்யாணம் முடிந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மறுவீடு, சீர் என்று ஓடி நாளை விட்டுவிடுகிறார்கள். இன்ஜினியரிங், நர்சிங் போன்ற தொழிற்படிப்புக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை தனி: பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500, பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், முதலாம் ஆண்டில் மட்டுமே விண்ணப்பிக்கலாம். தொழில் தொடங்க நினைக்கும் இளம் முன்னாள் படைவீரர்களுக்கு மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' 2025 ஆகஸ்டில் வந்தது, ஒரு கோடி வரை கடன், 30 சதவீதம் மானியம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. இவை எல்லாவற்றுக்கும் வாசல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான். அங்கே கொடுக்கும் அடையாள அட்டை இல்லாத ஆச்சிக்கு முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர்க்கும் கூட்டம் போடும் நாளில் கொக்கிரகுளம் வரை அழைத்துக்கொண்டு போய், மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஒப்புகை வாங்கி வாருங்கள்.

சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் வீரர்கள் உள்துறையின் கீழ். அவர்களும் எல்லையில் நின்றவர்கள்தான், ஊர் மரியாதையில் வித்தியாசம் காட்டக்கூடாது. ஆனால் மேலே சொன்ன வழிகள் அவர்களுக்கு இல்லை, அவரவர் படைத் தலைமையகம் வழியாகத்தான் போக வேண்டும். நான்கு வருஷப் பணிக்குச் சேரும் அக்னிவீர்களுக்குப் பென்ஷன் கிடையாது. பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு உண்டு, ஆகவே நாமினி பெயர், வங்கிக் கணக்கு இரண்டும் சேர்ந்த முதல் வருஷத்திலேயே சரியாக இருக்கிறதா என்று அம்மா அப்பா கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இறுதிச் சடங்கில் கொடி போர்த்துவது பற்றி. அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் கொடிச் சட்டப்படி அரசு மரியாதையோடும் ராணுவ, மத்திய ஆயுதப்படை மரியாதையோடும் நடக்கும் சடங்கில் மட்டுமே தேசியக்கொடி போர்த்தலாம். அப்போது காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து வீட்டில் இறந்தவருக்கு, அவரோடு பணியாற்றியவர்கள் மலர்வளையம் வைத்து, பதக்கம் அணிந்து வரிசையாக நின்று சல்யூட் அடித்தாலே ஊர் உருகிவிடும். பக்கத்து ஊர்களிலிருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு யார் போன் பண்ணுவது என்று மட்டும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதக்கங்களை உடம்போடு அனுப்பிவிடாதீர்கள். பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் அவர் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப் போர் முடிந்தபின் வெள்ளைக்காரர் பதித்த சலவைக்கல் உண்டு. இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், ஒரு பெயர் இருக்காது. இன்றைக்கு அந்தக் கல்லைப் பார்த்து யார் வீட்டுத் தாத்தா என்று சொல்ல ஆளில்லை.

உங்கள் ஊரில் பள்ளிக்கூட வாசலிலோ ஊர்ச்சாவடியிலோ கல் வைப்பதாக இருந்தால் பெயர்களோடு வையுங்கள். தமிழில் அவர்கள் வீட்டில் எழுதுகிறபடி பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய வருஷங்கள். பதவி வரிசை வேண்டாம், சேர்ந்த வருஷ வரிசை போதும். பெண்கள் ராணுவ நர்சாகப் போயிருந்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அடியில் பாதிக் கல்லை வெறுமையாக விடுங்கள், இன்னும் பிள்ளைகள் போவார்கள். எழுத்து வெட்டுகிறவரிடம் தாளைக் கொடுப்பதற்கு முன், அந்தந்த வீட்டுக்குப் போய் ஆச்சியிடம் பெயரை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டி, சரிதான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.